வீதியில் நின்று எடுக்கும் படம்: எது உரிமை, எது குற்றம்?

ஸ்ரீரங்கம் தெற்கு ராஜகோபுரத்தை வீதியில் நின்று படமெடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தப் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம், அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்கலாம். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற அந்த வாயில் 13 நிலைக் கோபுரமாக நிறைவு பெற்றது 1987-ல்தான். அப்படியானால் வடிவமைத்தவருக்குப் பதிப்புரிமை இருக்குமே என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் தேவையில்லை. கட்டடக்கலைப் படைப்பைப் படமெடுப்பதும் அதை வெளியிடுவதும் மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைக்கும் இதே விதிதான். திருச்சியின் மலைக்கோட்டை, லூர்து அன்னை ஆலயம், நத்தர்வலி தர்கா, மெயின் கார்டு கேட் எல்லாவற்றையும் தெருவிலிருந்து தாராளமாக எடுக்கலாம். சுவரோவியத்துக்கு மட்டும் புகைப்படத்தில் இந்தச் சலுகை கிடையாது. ஓவியத்தை நெருக்கமாக எடுத்து டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்றால், வரைந்தவர் தட்டிக் கேட்க முடியும்.

சட்டம் இப்படி இருந்தும், "இங்கெல்லாம் போட்டோ எடுக்கக் கூடாது, முதல்ல டெலீட் பண்ணு" என்ற அதட்டலுக்கு ஆளாகாத போட்டோகிராபர்கள் குறைவு. தன் கடைக்குள்ளோ வளாகத்துக்குள்ளோ எடுக்க வேண்டாம் என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. சொன்னால் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆனால் போனைப் பிடுங்கவோ, மிரட்டிப் படத்தை அழிக்க வைக்கவோ செக்யூரிட்டிக்கு அதிகாரமில்லை. காவல்துறை கேட்பது வேறு. குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 106-ஆம் பிரிவின்படி போனைக் கைப்பற்றலாம். கைப்பற்றியதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். படத்தை அழிக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு தரவில்லை. குற்றம் நடந்திருந்தால் அந்தப் படம்தானே சாட்சி! தெருவில் வாக்குவாதம் செய்வதைவிட, எந்த விதியின் கீழ் தடுக்கிறார்கள் என்று அமைதியாகக் கேட்டு, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் தருவதே பலன் தரும்.

கோயிலுக்குள் நிலைமை முற்றிலும் வேறு. திருச்செந்தூர் கோயில் அர்ச்சகர் ஒருவர் தொடுத்த வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்திலும் செல்போனுக்குத் தடையை உறுதிசெய்யும்படி இந்து சமய அறநிலையத் துறைக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. சந்நிதியின் புனிதம், கோயிலின் பாதுகாப்பு ஆகியவற்றோடு, பெண் பக்தர்களை அவர்கள் அறியாமல் படமெடுக்கும் அபாயமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. இந்த மூன்றாவது காரணத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கண்மூடிக் கைகூப்பி நிற்கும் ஒருவர், தன்னை யார் எடுக்கிறார் என்று எப்படிப் பார்ப்பார்?

ஸ்ரீரங்கத்தில் இதற்கு ஒரு சிக்கலான எல்லைக்கோடு உண்டு. ஏழு திருச்சுற்றுகளில் வெளி மூன்றான உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி ஆகியவற்றில் வீடுகளும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. அவை பொதுத்தெருக்கள், எடுக்கலாம். உள் நான்கு சுற்றுகளில் கோயில் நிர்வாகம் வைப்பதே விதி. மலைக்கோட்டையிலும் இதேபோல் ஒரே பாறையில் இரண்டு நிர்வாகம். மகேந்திரவர்மனின் மேல் குடைவரை, பாறையின் கீழ்க் குடைவரை ஆகிய இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தாயுமானவர், உச்சிப் பிள்ளையார் சந்நிதிகள் கோயில் விதிக்கு உட்பட்டவை. தொல்லியல் துறை இடங்களில் பொதுவாகக் கையில் பிடித்து எடுக்கத் தடையில்லை, ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும்.

அம்மா மண்டபம் படித்துறைக்கு வருவோம். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அங்கே கூட்டம் நெரியும்; கேமராக்களும் நெரியும். காவிரியும் படிகளும் கூட்டமும் பொதுக் காட்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஈரப் புடவையோடு கரையேறும் பெண்ணையும், துணி மாற்றும் மறைவிடத்தையும் லென்ஸை நீட்டிப் பிடிப்பவர், பொது இடத்தில்தானே எடுத்தேன் என்று தப்ப முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புப் பகுதியைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உள்ளாடை மட்டும் மறைத்திருந்தாலும் இது பொருந்தும். அவர் இருந்தது பொது இடமா, தனி இடமா என்ற வேறுபாடு அங்கே செல்லாது என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. மறைந்திருந்து பெண்ணின் அந்தரங்கச் செயலை எடுப்பது குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். 77-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். முதல் முறையே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

தர்ப்பணம் செய்பவரின் அழுத முகம் இந்தப் பிரிவுகளுக்குள் வராது. அதற்காக அதை ரீல்ஸாகப் போடலாமா? கூடாது என்பதே என் நிலை. தகப்பனை இழந்து பத்து நாள் ஆனவரிடம் போய், "அண்ணே, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க வாய் வரவில்லையென்றால், எடுக்காமல் இருப்பதே மரியாதை. மார்கழிக் காலையில் கோலம் போடும் அக்காவிடமும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அண்ணனிடமும் கேட்கலாம். பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

அந்த முகத்தை விளம்பரத்தில் போடுவதென்றால் எழுத்துமூலச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நக்கீரன் இதழ் தொடர்பான 1994-ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் படம் தவறாகப் பரவினால் முதலில் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைப்பையும் சேமித்துக்கொண்டு, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் தாருங்கள். அந்தரங்கப் படங்களையும் மார்ஃபிங் செய்த படங்களையும் நீக்க 2021-ஆம் ஆண்டு விதிகள் முதலில் வைத்த வரம்பு 24 மணி நேரம்; 2026-ல் அது 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. சைபர் கிரைம் உதவி எண் 1930, பெண்களுக்கு 181, குழந்தைகள் தொடர்பாக 1098. வீட்டில் என்ன சொல்வார்களோ என்று ஒரு வாரம் யோசிப்பதற்குள் படம் எங்கெங்கோ போய்விடும், தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

துப்பாக்கித் தொழிற்சாலை, ஹெச்.ஏ.பி.பி. எனும் பாதுகாப்புத் தளவாட ஆலை, விமான நிலையத்தின் ஓடுதளம், பாதுகாப்புச் சோதனைப் பகுதி போன்ற இடங்களில் கேமராவை எடுக்கவே வேண்டாம். 1923-ஆம் ஆண்டு அலுவலக இரகசியச் சட்டம் கடுமையானது. ட்ரோன் பறக்கவிடுபவர்கள் விமான நிலைய எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு என்பதை மறக்கக் கூடாது. திருச்சி நகரின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கோபுரத்துக்கு மேலே ட்ரோனை ஏற்றாதீர்கள்.

கடைசியாக, படமெடுத்தவரின் உரிமை. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த ஸ்ரீரங்கம், திருச்சி படங்களை இன்று யாரும் அச்சிடலாம். இந்தியாவில் புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும். போன வாரம் ஓர் இளைஞர் எடுத்த தெப்பக்குளப் படம் அப்படியல்ல. அதைக் காலண்டரிலோ லாட்ஜ் விளம்பரத்திலோ எடுத்துப் போடுபவர்கள், "நெட்டில் கிடைத்தது" என்கிறார்கள். படம் எடுத்த கணமே உரிமை உருவாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. கட்டணம் வாங்கி ஒருவருக்காக எடுத்த படம் என்றால் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், உரிமை பணம் கொடுத்தவருடையது. மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். திருடப்பட்ட உங்கள் படத்தைக் காட்டும் இணையதளத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால், 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கிக் காட்டாவிட்டால் தளம் படத்தை மீண்டும் காட்டலாம். ஆகவே நோட்டீஸ் அனுப்பிய அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.