பதற்றத்துக்கும் ஒரு நாற்காலி போடுங்க! - டீன் ஏஜ் மனசைப் படம்பிடித்த அனிமேஷன் படங்கள்

பெரிய காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். தறிச்சத்தம் கேட்டே பல தலைமுறைகள் வளர்ந்த தெருக்கள். இங்கே நெசவாளர் வீடுகளில் அப்பா அம்மா அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. 'இந்தத் தறி எங்களோட போகட்டும். நீ படிச்சு மேல வந்துடு.' பாசத்தில் சொல்வதுதான். ஆனால், பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவைத்திருக்கும் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழும். 'நான் தோத்துட்டா இந்த வீடே தோத்துடும்!'

ராத்திரி தூக்கம் வராது. பரீட்சை அன்று காலையில் வயிற்றைப் பிசையும். 'என்னடா ஆச்சு?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்லம்மா' என்று பதில் வரும். 'இந்த வயசுல உனக்கென்ன கவலை?' என்று பெரியவர்களும் கடந்துபோய்விடுவார்கள்.

அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குள் என்னதான் இருக்கிறது? குழந்தைகள் படம் என்று நாம் ஒதுக்கிவைக்கும் சில அனிமேஷன் படங்கள் அதை அழகாகத் திறந்துகாட்டியிருக்கின்றன.

பெட்டி படுக்கையோடு வந்த விருந்தாளி

2015-ல் வெளியான பிக்ஸாரின் 'இன்சைடு அவுட்', ஒரு சிறுமியின் மூளைக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என ஐந்து உணர்ச்சிகளை ஆட்களாக உட்காரவைத்தது. துறுதுறுவென இருந்த தன் மகள் 11 வயதில் திடீரென அமைதியாகிவிட்டதைப் பார்த்துதான் இயக்குநர் பீட் டாக்டருக்கு அந்தக் கதை தோன்றியது.

2024 ஜூனில் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தச் சிறுமி ரைலிக்கு 13 வயது. ஒரே ராத்திரியில் மூளைக்குள் நான்கு புதிய உணர்ச்சிகள் வந்து இறங்குகின்றன. பொறாமை, கூச்சம், சலிப்பு... கூடவே கை நிறைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் பதற்றம். கெல்சி மேன் இயக்கிய இந்தப் படத்துக்கு, டீன் ஏஜ் பிள்ளைகளைப் பற்றி எழுதிவரும் மனநல நிபுணர் லிசா டமோர் ஆலோசனை தந்திருக்கிறார்.

படத்தில் பதற்றம் வில்லன் இல்லை என்பதுதான் விசேஷம். பயத்துக்கும் பதற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் எளிமையாகப் புரியவைக்கிறது. கண்முன்னே இருக்கும் ஆபத்தைப் பார்த்துக்கொள்வது பயம். இன்னும் வராத ஆபத்துக்கு இன்றே திட்டம் போடுவது பதற்றம். ரைலிக்கு நல்லது செய்யத்தான் அதுவும் நினைக்கிறது. ஆனால், 'அப்படி ஆகிட்டா? இப்படி ஆகிட்டா?' என்று யோசித்து யோசித்து, கடைசியில் மற்ற யாரையும் பொத்தானைத் தொடவே விடுவதில்லை. ஹாக்கி மைதானத்தின் ஓரத்தில் ரைலி மூச்சுமுட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் காட்சியைப் பார்த்தால், பரீட்சை ஹாலில் இதே நிலையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும், 'இது எனக்கு மட்டும் நடக்கிற விஷயமில்லை' என்று.

நல்ல இழை மட்டும் போதுமா?

நெசவு தெரிந்த ஊர்க்காரர்கள் ரசிக்கும் காட்சி ஒன்றும் அந்தப் படத்தில் இருக்கிறது. ரைலியின் ஒவ்வொரு நினைவிலிருந்தும் ஒளிரும் இழை ஒன்று மேலே எழுகிறது. பாவு இழைகள்போல நிற்கும் அவை சேர்ந்துதான் 'நான் யார்' என்ற எண்ணம் உருவாகிறது.

இங்கே மகிழ்ச்சியும் ஒரு தப்பு செய்கிறது. அவமானம், தோல்வி போன்ற நினைவுகளை எல்லாம் தூக்கி மனசின் மூலையில் எறிந்துவிடுகிறது. 'நான் நல்லவள்' என்ற இழை மட்டும் மிஞ்சுகிறது. பதற்றம் வந்ததும் அதைப் பிடுங்கிவிட்டு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற இழையை நெய்துவிடுகிறது. இரண்டுமே பாதி உண்மைதான். நல்லதும் கெட்டதுமாக எல்லா இழைகளும் சேர்ந்த பிறகுதான் ரைலியால் மூச்சுவிட முடிகிறது.

'கெட்டதை நினைக்காதே, பாசிட்டிவா இரு' என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அதை இல்லாததுபோல விட்டுவிடுவதில்லை. அதற்காகச் சேலையைத் தூக்கி எறிவதும் இல்லை. தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊடை.

கோயில் வீட்டுப் பொண்ணு

டோமி ஷீ இயக்கிய 'டர்னிங் ரெட்' (2022) கோயில் நகரத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. கனடாவின் டொரன்டோவில் வாழும் சீனக் குடும்பத்துப் பொண்ணு மெய். வயது 13. நன்றாகப் படிப்பாள், பள்ளி விட்டதும் நேராக வந்து, குடும்பம் நடத்தும் கோயிலைப் பெருக்கித் துடைத்து அம்மாவுக்கு ஒத்தாசை செய்வாள். ஒருநாள் காலையில் எழுந்தால் பெரிய சிவப்பு பாண்டாவாக மாறியிருக்கிறாள்! கோபம், வெட்கம், ஆசை என எது பொங்கினாலும் பாண்டா வெளியே வந்துவிடும்.

பருவமடைதலை இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய அனிமேஷன் படங்கள் குறைவு. மகள் பெரியவளாகிவிட்டாள் என்று நினைத்து அம்மா நாப்கினோடு பள்ளிக்கே வந்துவிட, மெய் கூனிக்குறுகி நிற்கும் காட்சி பல பெண்களுக்குச் சொந்தக் கதை. அம்மாவுக்குள்ளும் ஒரு பாண்டா அடைபட்டுக் கிடப்பது பிறகு தெரியவருகிறது. அம்மாவும் ஒரு காலத்தில் தன் அம்மாவுக்கு நல்ல பொண்ணாக இருக்கத் தவித்து அழுத சிறுமிதான்!

பெற்றோரின் பதற்றத்துக்கு 'ஃபைண்டிங் நீமோ' (2003) நல்ல உதாரணம். மகனுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்க்கும் அப்பா மீனிடம் இருந்து விலகி நீந்தும்போதுதான், அந்தக் குட்டி மீன் மாட்டிக்கொள்கிறது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989) படத்தில், 13 வயது சூனியக்காரச் சிறுமிக்குப் பறக்கும் சக்தி போய்விடுகிறது. 'இன்னும் முயற்சி பண்ணு' என்று அவளை யாரும் விரட்டுவதில்லை. தோழி ஒருத்தி தன் காட்டு வீட்டுக்கு அழைத்துப்போய் ஓய்வெடுக்க வைக்கிறாள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டு மார்க்கோடு ஒப்பிடும் வழக்கத்தை வீடுகளும் நிறுத்தலாம்.

* 'உனக்கென்ன கவலை?' என்பதற்குப் பதில், 'என்ன ஆகிடும்னு பயமா இருக்கு?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

* மூச்சுமுட்டிப் பதறும்போது அறிவுரை வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். மெதுவாக மூச்சுவிடச் சொல்லுங்கள். கையில் படும் பொருளையும் காதில் விழும் சத்தத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். ரைலியும் இப்படித்தான் மீள்கிறாள்.

* உங்கள் வயசுப் பயங்களையும் தோல்விகளையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

* தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' உதவி எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம்.

'இன்சைடு அவுட் 2' முடிவில் பதற்றத்தை யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. சாய்வு நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து, கையில் டீ கொடுக்கிறார்கள். தேவையில்லாத கற்பனைகளை விட்டுவிட்டு, நாளைய பரீட்சையை மட்டும் ஞாபகப்படுத்தச் சொல்கிறார்கள்.

நம் வீடுகளிலும் அதற்கு ஒரு நாற்காலி போடலாம். அதன் பக்கத்திலேயே அப்பா அம்மாவுக்கும் ஒன்று!