பின்னச் செலவுக் கணக்குகள்

பின்னச் செலவுக் கணக்கு என்பது, ஒரு தொகையிலிருந்து செய்த செலவுகள் பின்னங்களாகத் தரப்பட்டிருக்க, மீதியையோ முதலில் இருந்த தொகையையோ காணும் எண்கணித வினா வகையாகும். இவற்றில் ஒவ்வொரு பின்னமும் எத்தொகையின் பங்கு என்று அறிவதே முதற்படி. முழுத்தொகையில் 1/3 பங்கும் மீதியில் 1/3 பங்கும் வெவ்வேறானவை.

பின்னணி

தமிழில் பின்னங்களுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. முக்கால் (3/4), அரை (1/2), கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி அல்லது வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்பன அவற்றுட் சில. திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடியின் வழியே இவற்றை மனப்பாடம் செய்தனர்.

இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஆகவே ஓர் அணா மாகாணி ரூபாய். இரண்டணா அரைக்கால் ரூபாய். நாலணா கால் ரூபாய். பிற்காலத்திலும் 25 காசு பேச்சு வழக்கில் நாலணா எனப்பட்டது.

எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில், உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் ஆவியாகவிட்டு உப்பு எடுக்கின்றனர். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் நீரில் மூழ்குவதால் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இக்காலத்திற்கென, உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கியது. இத்தொகையைக் கொண்டு ஒரு வினா:

ஒரு குடும்பம் 5000 ரூபாயில் 2/5 பங்கை மளிகைக் கடனுக்கும், மீதியில் 1/3 பங்கைப் பிள்ளைகளின் படிப்பிற்கும் செலவிட்டது. எஞ்சிய தொகை எவ்வளவு?

1. மளிகைக் கடன்: 5000 × 2/5 = 2000 ரூபாய்
2. மீதி: 5000 − 2000 = 3000 ரூபாய்
3. படிப்பு: 3000 × 1/3 = 1000 ரூபாய்
4. எஞ்சியது: 3000 − 1000 = 2000 ரூபாய்

பொதுவான பிழை

"மீதியில்" என்ற சொல்லைக் கவனியாமல் 2/5 + 1/3 = 11/15 எனக் கூட்டினால், எஞ்சுவது 4/15 பங்கு, அதாவது ஏறத்தாழ 1333 ரூபாய் என்று வரும். சரியான விடையினும் இது 667 ரூபாய் குறைவு. மாறாக, படிப்பிற்கு முழுத்தொகையில் 1/3 பங்கு தேவைப்படும் குடும்பம் மீதியில் 1/3 என்று கணக்கிட்டால், அதே 667 ரூபாய் பற்றாக்குறையாகும். வேலையற்ற மாதங்களில் அது மீண்டும் கடனாக மாறக்கூடும்.

முதல் தொகையைக் காணல்

எஞ்சிய 2000 ரூபாய் மட்டும் தெரிந்தால், செலவிடாத பங்குகளைப் பெருக்க வேண்டும். முதற் செலவிற்குப் பின் 3/5 பங்கும், அதில் 2/3 பங்கும் எஞ்சுகின்றன.

3/5 × 2/3 = 2/5

முழுத்தொகையில் 2/5 பங்கு 2000 ரூபாய் எனில், முழுத்தொகை 2000 × 5/2 = 5000 ரூபாய்.

சரிபார்த்தல்

செலவுகளையும் எஞ்சியதையும் கூட்டினால் முதல் தொகை வரவேண்டும்: 2000 + 1000 + 2000 = 5000. ஆயினும் பின்னத்தைத் தவறான தொகையின்மீது கணக்கிட்டாலும் இக்கூட்டல் பொருந்திவிடும். ஆகவே ஒவ்வொரு பின்னத்திற்கும் அருகில் "முழுத்தொகையில்" அல்லது "மீதியில்" என்று எழுதிவைத்துக் கணக்கிடுவது நல்லது.