‘சூப்பர் ஃபாஸ்ட்’ கட்டணம்: எதற்குக் கொடுக்கிறோம்?

மாம்பலம் ரயில் நிலையத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் ஏறக்கூடிய லோக்கலும் வரும். குறைந்தபட்சம் 35 ரூபாய் வசூலிக்கும் ஏ.சி. மின்சார ரயிலும் வரும். தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களும் நின்று போகும். ‘தாம்பரம் வரைதானே’ என்று லோக்கல் டிக்கெட்டோடு மற்ற இரண்டில் ஏறினால் அபராதம் கட்ட நேரும்.

எக்ஸ்பிரஸ்களிலும் ஒரு பிரிவுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அகலப் பாதையில் சராசரி வேகம் மணிக்கு 55 கி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ‘சூப்பர் ஃபாஸ்ட்’. அதற்காக இரண்டாம் வகுப்பில் 15 ரூபாய், ஸ்லீப்பரில் 30, ஏ.சி. சேர் கார், மூன்றடுக்கு, இரண்டடுக்கு ஏ.சி.யில் 45, முதல் வகுப்பு ஏ.சி.யில் 75 ரூபாய் சேர்க்கப்படுகிறது. 12, 20, 22 என்று தொடங்கும் வண்டி எண்கள் பெரும்பாலும் இந்த வகை. முன்பதிவில்லா டிக்கெட் எடுப்பவர்கள் எந்த வண்டி என்பதைக் கவுன்ட்டரிலேயே சொல்லி வாங்குங்கள்.

பெயருக்கேற்ற வேகம் கிடைக்கிறதா? வட மத்திய, தென் மத்திய ரயில்வேக்களில் 2013 முதல் 2016 வரை, அந்த வேகத்தில் ஓடாத வண்டிகளுக்காகப் பயணிகளிடம் 11.17 கோடி ரூபாய் வசூலானதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2017இல் சுட்டிக்காட்டியது. அந்தப் பணத்தைத் திருப்பித் தர விதியே இல்லை என்பதையும் சொன்னது.

கையில் இருக்கும் வழிகள்

நீங்கள் ஏறும் நிலையத்துக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் பெறலாம். வண்டி புறப்படும் முன்பே இ-டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். (கட்டணத்தைத் திரும்பக் கோரும் இணைய விண்ணப்பம்) பதிய வேண்டும்; கவுன்ட்டர் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும்.

ஏ.சி. வேலை செய்யாவிட்டால் கட்டண வித்தியாசம் கிடைக்கும். டிக்கெட் பரிசோதகரிடம் சான்று கேளுங்கள். வண்டி சேர்ந்த 20 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். பதியுங்கள்.

எந்தக் குறைக்கும் பயணத்தின்போதே ரயில்வே உதவி எண் 139ஐ அழையுங்கள், அல்லது ‘ரயில் மதத்’ செயலியில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துவையுங்கள்.

தாமதத்தால் இழப்பு ஏற்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மயிலாப்பூர்க்காரர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்த ரயிலால் விமானத்தைத் தவறவிட்டவருக்கு வழங்கப்பட்ட இழப்பீட்டை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்குத் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்ததென ரயில்வே நிரூபிக்காவிட்டால், அது சேவைக் குறைபாடே என்றது.

வேகத்துக்கென்று வாங்கிய பணத்தை, வேகம் தராதபோது திருப்பித் தருவதே நியாயம். அதற்கு விதி வர வேண்டும். அதுவரை டிக்கெட்டையும் புகார் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். உரிமையைக் கேட்டு வாங்குங்கள்.