‘இல்லை’ என்ற சொல்லின் பொறுப்பு

காய்ச்சல் கண்ட குழந்தையைச் சிலாபம் வைத்தியசாலைக்கோ புத்தளம் வைத்தியசாலைக்கோ எடுத்துச் செல்லும் தாய், வைத்தியரின் முகத்தையே நோக்குகிறாள். வைத்தியரோ ஆய்வுகூடத்திலிருந்து வரும் ஒரு துண்டுக் கடிதத்தை நோக்குகிறார். அதில் ‘மலேரியாக் கிருமி இல்லை’ என்றிருந்தால் யாவரும் நிம்மதியடைகிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் யாது?

இக்கேள்வியின் கனத்தை நம் கரையோரம் நன்கறியும். 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. சிலாபத்தருகே கடலிற் கலக்கும் தெதுரு ஓயா வற்றிக் குட்டைகளாயிற்று. அவற்றில் நுளம்புகள் பெருகின. 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களை மலேரியா கொள்ளை கொண்டது. பின்னர் டி.டி.டி. மருந்தின் துணையால் நோய் ஒடுங்கி, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரிடம் மாத்திரமே காணப்பட்டது. கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளிலோ இலட்சக்கணக்கானோர் மீண்டும் நோயுற்றனர். நோய் ‘இல்லை’ என்பது வேறு. தேடாமையால் ‘காணவில்லை’ என்பது வேறு என்பதே அதன் பாடம்.

இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கீம்சா என்னும் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின்கீழ் வைக்கின்றனர். சாயத்திற் கலக்கும் நீரின் அமில, கார நிலை சிறிது பிசகினும் கிருமி தெளிவாகத் தெரியாது. தடித்த பூச்சில் குறைந்தது 100 பார்வைப் புலங்களைப் பார்த்த பின்னரே ‘இல்லை’ எனல் வேண்டும். இவ்வளவுடன் அமையாது, பார்த்த தகடுகளுட் சிலவற்றை மற்றொருவர் மீண்டும் பார்க்கிறார். முதல்வரின் முடிவு அவருக்குச் சொல்லப்படுவதில்லை. இருவர் முடிவும் மாறுபடின், பிழை எங்கே என்று ஆராய்கின்றனர்.

சர்க்கரை முதலிய பரிசோதனைகளுக்கும் இத்தகைய காவல் உண்டு. 1947இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மன் என்னும் இருவர், ஒரே மாதிரியைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினர். விடைகள் பெரிதும் வேறுபட்டன! 1950இல் லெவி, ஜெனிங்ஸ் என்போர், தொழிற்சாலைகளிற் பயின்ற ஒரு முறையை ஆய்வுகூடத்துக்குக் கொணர்ந்தனர். அளவு முன்னரே தெரிந்த ஒரு திரவத்தை நாள்தோறும் சோதித்து, விடையை வரைபடத்திற் புள்ளியாகக் குறித்தல் வேண்டும். புள்ளி எல்லை கடந்தால் காரணம் கண்டு திருத்தும்வரை நோயாளர் விடைகளை வெளியிடலாகாது. புள்ளிகள் பல நாள் ஒரே பக்கம் சாய்ந்தாலும் அது எச்சரிக்கையே.

2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது. எனினும், பிறநாடு சென்று மீள்வோருடன் அக்கிருமி வந்து சேரலாம். நோய் அரிதாக, அதனை இனங்காணும் கண்ணின் பழக்கமும் குன்றும். ஆதலின் பயிற்சியும் மறுபரிசோதனையும் முன்னிலும் அவசியமாகின்றன.

வாசகர்களுக்கும் இதிற் பங்குண்டு. வெளிநாட்டுப் பயணத்தை வைத்தியரிடம் மறையாது கூறுங்கள். இரத்தம் கொடுக்கையில் குப்பியிலுள்ள பெயர் உம்முடையதுதானா எனப் பாருங்கள். உண்ணாது வரச் சொன்னால் உண்ணாதே செல்லுங்கள். விடை சிறிது தாமதித்தால் சினவாதீர்கள். ‘இல்லை’ என்று எழுதுமுன் ஒருவர் இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்கக் கூடும்.