பூட்டிவிட்டு வர ஒரு வீடு

அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் 2,500 பேர் இருந்தால் அதிகம். குளிர்காலம் பிறந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் கொள்ளாமல் டிரெய்லர்கள் வந்து நிற்கும். மினசோட்டாவிலும் கனடாவின் சஸ்காட்செவனிலும் ஜனங்கள் வாசல் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கும் ஜனவரியில், இங்கே பகலில் 20 டிகிரி வெயில். அரைக்கைச் சட்டையோடு வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம்.

குளிருக்குத் தப்பி வெயிலைத் தேடிப் போய் முகாமிடும் இந்தப் பழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டிருந்தவர்கள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். ரேடியேட்டர் மூடியின் மேல் தகர டப்பா ஒன்றைப் பற்றவைத்திருந்தால் அந்த ஃபோர்டு கார் நம் ஆளுடையது என்று அடையாளம். பிறகு டிரெய்லர்கள் பெருகின. 1968-ல் கனடாவின் வினிபெக்கில் ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க் செய்துவந்த ரே ஒலெக்கோ, அதே பொருளில் 13 அடி நீளத்தில் ‘போலர்’ என்ற டிரெய்லரைக் கொண்டுவந்தார். முட்டைபோல உருண்டை, சின்னக் காரே இழுத்துப்போகும் அளவுக்கு எடை குறைவு.

அப்படி இழுத்துக்கொண்டு குவார்ட்ஸைட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், அறுவடை முடித்த விவசாயிகள். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க வீட்டுத் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். கூட்டம் பெருகவே, 1983-ல் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நீண்டகாலம் தங்குவோருக்கென்றே பாலைவனத்தில் இடம் ஒதுக்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். பல ஆண்டுகள் அந்த ஏழு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 180 டாலர்தான். நாளுக்கு ஒரு டாலர்கூட ஆகாது.

மின்சாரம்தான் தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு கேஸ் விளக்கு, கார் பேட்டரி, இல்லையென்றால் ஜெனரேட்டரின் இரைச்சல். இப்போது கூரையில் 200 வாட் சோலார் பலகை, இருக்கைக்கு அடியில் லித்தியம் பேட்டரி. குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே போவதால், விவரம் தெரிந்தவர்கள் பலகையைத் தெற்கே பார்த்துச் சாய்த்து வைக்கிறார்கள். 12 வோல்ட் குளிர்சாதனப் பெட்டி இரவெல்லாம் ஓடுகிறது.

தண்ணீர் விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது. சிறிய டிரெய்லரின் தொட்டி ஐம்பது லிட்டருக்குள்தான். அதனால் தட்டை முதலில் காகிதத்தால் துடைத்து, வினிகர் தெளித்து, மறுபடி துடைக்கிறார்கள். கழுவுவதற்குத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. இரவில் குளிர் ஐந்து டிகிரிக்கு இறங்கும்போது கேஸ் ஹீட்டர் போட்டால், அதன் ஈரம் விடிவதற்குள் ஜன்னல் கண்ணாடியில் சொட்டுச்சொட்டாக வழியும். காற்றோட்டம் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைக்க வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வருகிற ஆட்கள் மாறியதுதான். 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்கள், அரசு ஓய்வூதியத்தில் வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது என்று கண்டவர்கள், இதே பாலைவனத்துக்கு வந்தார்கள். ஜெசிகா புரூடர் 2017-ல் ‘நோமேட்லேண்ட்’ நூலில் எழுதியது இவர்களைப் பற்றித்தான். குளோயி ஷாவோ அதைப் படமாக்கி ஆஸ்கர் வென்றார். வண்டி வாழ்க்கையில் பழகிய பாப் வெல்ஸ் என்பவர் குவார்ட்ஸைட்டில் ஆண்டுதோறும் கூட்டிய சந்திப்பில், குறைந்த காசில் வண்டியிலேயே வாழ்வது எப்படி என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விரும்பி வருகிறவர்கள் இன்றும் ஏராளம், மறுக்கவில்லை. அதற்காக இதையெல்லாம் சுதந்திர வாழ்க்கை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கும். முன்பு வந்தவர்களுக்கு அது ஊர் திரும்பும் மாதம். வீட்டை இழந்து வந்தவர்களோ வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்து மலைக்காடுகளுக்கு ஏறுகிறார்கள். அங்கே ஓரிடத்தில் 14 நாள்தான் இருக்கலாம். இலையுதிர் காலத்தில் சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்கும் கிடங்கு வேலைக்கும் போகிறார்கள், எழுபது வயதிலும். ஓட்டுநர் உரிமத்துக்கு முகவரி வேண்டுமே என்று பலர் சவுத் டகோட்டாவுக்குப் போய் ஒரே ஓர் இரவு தங்கி ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கும் ஒரு கடையின் விலாசம்தான் அவர்கள் உரிமத்தில் வீடாக அச்சாகியிருக்கிறது.