ஆட்டம் அலுத்த பிறகும் ஆடுகிறீர்களா?

தோற்றால் எரிச்சல் வருகிறது, ஜெயித்தாலும் சந்தோஷம் இல்லை. ஆனாலும் ராத்திரி ஒரு மணிக்கு போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகும் உங்களுக்கு இப்படி இருந்தால், அது சோம்பலும் இல்லை, குணக்கேடும் இல்லை. களைப்புதான்.

இந்தக் களைப்புக்கு ஆடும் நேரம் மட்டும் காரணமல்ல. பிஜிஎம்ஐ போன்ற மொபைல் கேம்களில் தினமும் முடிக்க மிஷன்கள் உண்டு. சீசன் முடிந்தால் ஏறிய ரேங்க் இறங்கிவிடும், மறுபடி ஏற வேண்டும். காசு கொடுத்து சீசன் பாஸ் வாங்கியிருந்தால் அது வீணாகக் கூடாதே என்ற கவலை வேறு. ஸ்குவாடில் மூன்று பேர் காத்திருப்பார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது இப்படித்தான் சம்பளமில்லாத வேலையாகிறது.

ஆகவே முதலில் கேமை அழிக்க வேண்டாம், அதிலுள்ள கடமைகளை அழியுங்கள். நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். அடுத்த சீசனுக்கு பாஸ் வாங்காதீர்கள். "இந்த மாசம் நான் வரலைடா" என்று ஸ்குவாடிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விலகினால் குற்ற உணர்ச்சியே திரும்ப இழுத்து வரும். சில வாரங்கள் கழித்து ஆட ஆசை வந்தால், ரேங்க் இல்லாத ஆட்டமாக ஆடிப் பாருங்கள்.

தூக்கம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். மாலையில் கையும் காலும் அசைய வேண்டும்: குளக்கரையைச் சுற்றி ஒரு நடை, முடிந்தால் நண்பர்களோடு சங்குமுகம் கடற்கரை. முதல் சில நாள் எதுவுமே சுவைக்காது. அது இயல்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடும் நேரத்துக்கும் ஓர் அளவு வேண்டும். தடை நீங்கி 2023 மே மாதம் பிஜிஎம்ஐ இந்தியாவுக்குத் திரும்பியபோது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். பள்ளி நாளில் அதுவே அதிகம் என்பது என் எண்ணம்.

அலுப்பு வேறு, நோய் வேறு. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்பதை ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எதையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் வந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். படிப்பும் சாப்பாடும் உறவும் சேர்ந்து கெடுகின்றன என்றால் அதுவரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்காக கேரள போலீஸ் 2023-இல் தொடங்கிய டி-டாட் என்ற டிஜிட்டல் அடிமைத்தன மீட்பு மையம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. போலீஸ் என்றதும் பயப்பட வேண்டாம், அங்கே நடப்பது கவுன்சலிங்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஆட்டத்தின் நடுவே போனைப் பிடுங்காதீர்கள். அந்த ஆட்டம் முடியட்டும், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பவும் இது உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேளுங்கள்.