கையெழுத்துக்கு முன்னால்: ஆய்வக மருத்துவரின் பயிற்சியும் தேர்வும்

இந்தியாவில் ஆய்வக மருத்துவர்கள் பெரும்பாலும் மூன்று துறைகளிலிருந்து வருகிறார்கள்: நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.டி. படிப்பு. மூன்றையும் சேர்த்து ‘ஆய்வக மருத்துவம்’ என்ற பெயரிலேயே எம்.டி. தரும் இடங்கள் சில மட்டுமே. டெல்லி எய்ம்ஸ் அவற்றில் ஒன்று. ஆனால் திருச்சி தில்லைநகரிலோ புத்தூரிலோ காலையில் வெறும் வயிற்றோடு லேப்புக்கு வருபவரின் சீட்டில் சர்க்கரை, ரத்த அணுக்கள், சிறுநீர் கல்ச்சர் மூன்றும் சேர்ந்தே இருக்கும். படிப்பு பிரித்துவைத்ததைத் தொழில் ஒன்றாகக் கேட்கிறது. பயிற்சியின் முதல் சிக்கல் இது.

ரிப்போர்ட்டில் யார் கையெழுத்திடலாம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவு செய்த மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்றது அது. யார் என்பது ஓரளவு தெளிவானது. அந்தக் கையெழுத்துக்குத் தகுதி வந்துவிட்டதை எப்படி அளப்பது என்பது வேறு கேள்வி.

தமிழகத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு எம்.டி. தேர்வை நடத்துவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 1997-ல் தொடங்கிய திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன்கீழ் வருவதே. ஆய்வேடு, நான்கு எழுத்துத் தாள்கள், செய்முறை, வாய்மொழித் தேர்வு என்பது நோய்க்குறியியல் தேர்வின் பழகிய வடிவம். செய்முறையில் ஸ்லைடுகளைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். அரிய கட்டியை அடையாளம் காண்பவருக்கு மதிப்பெண் கொட்டும். அன்றாட லேப்பில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் அதுவல்ல.

டெங்கு காலத்தை எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலில் வந்தவரின் தட்டணுக்கள் 40,000 என்று எந்திரம் அச்சிடுகிறது, 1.5 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை. வீட்டார் பதறுகிறார்கள். டெங்குவில் தட்டணு உண்மையிலேயே சரியும். ஆனால் சிலருடைய ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயிலுள்ள ஈ.டி.டி.ஏ. என்ற உறையா மருந்து பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். திரளை எந்திரம் தட்டணுவாக எண்ணாது. ரத்தப் பூச்சின் வால்பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் கொத்துகள் தெரியும். அப்போது நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணி, சிட்ரேட் திரவம் நீர்க்கச் செய்ததை ஈடுகட்ட 1.1-ஆல் பெருக்க வேண்டும். ஸ்லைடைப் பார்க்காமல் கையெழுத்திட்டால், தேவையில்லாமல் தட்டணு ஏற்றும் நிலை வரலாம். இந்தச் சந்தேகம் ஒருவருக்கு வருமா வராதா என்பதை மூன்று மணி நேரக் கட்டுரைத் தாள் சொல்லாது.

மாற்றத்துக்கான வழிகள் புதியவை அல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் 1975-ல் வெளியிட்ட முறையில், தேர்வர்கள் நிலையம் நிலையமாக நகர்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பணி, ஒரே அளவுகோல். ஒரு நிலையத்தில் உயிர்வேதியியல் எந்திரத்தின் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை வைக்கலாம்: பத்து முறை தொடர்ந்து அளவு சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்திருக்கிறது, இன்றைய ரிப்போர்ட்டுகளை வெளியிடலாமா? இன்னொன்றில், ரத்தம் சிதைந்த மாதிரியில் ஏறியிருக்கும் பொட்டாசியம். வார்டுக்குப் போன் செய்து என்ன சொல்வது?

பயிற்சியின் களமும் விரிகிறது. மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் 2020-ல் அறிவிக்கப்பட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகளும் அதைக் கட்டாயமாக வைத்துள்ளன. மூன்று மாதம் மாவட்ட நிலை மருத்துவமனையில் பணி. புத்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில் கிடைக்கும் எந்திரங்களும் பேராசிரியர்களும் மணப்பாறை, ஸ்ரீரங்கம் போன்ற இடங்களில் அதே அளவில் இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் அங்கே கற்க நிறைய இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டம் அலைமோதும் நாள்களில் குடிநீர் மாதிரி, வயிற்றுப்போக்குக் கண்காணிப்பு இரண்டும் நுண்ணுயிரியல் மாணவருக்குப் பாடநூலைவிட மேலான பாடம். அந்த மூன்று மாதம் வருகைப் பதிவேடாக மட்டும் முடிந்துவிட்டால் திட்டம் வீண்.

கண்ணாடி ஸ்லைடின் சாயம் வருடங்கள் போகப்போக மங்கும். தேர்வு மையத்துக்கு மையம் ஸ்லைடும் மாறும். முழு ஸ்லைடையும் ஸ்கேன் செய்து திரையில் காட்டினால் எல்லாருக்கும் ஒரே கேள்வி. நோயறிதலுக்கே இத்தகைய ஒரு கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் அனுமதி தந்தது. செயற்கை நுண்ணறிவு அணுக்களை எண்ணிக் கொடுக்கும் காலத்தில், அதன் விடையை எப்போது நம்பக் கூடாது என்பதும் தேர்வில் இடம்பெற வேண்டும்.

கையருகே இன்னொரு கருவியும் சும்மா கிடக்கிறது. வேலூர் சி.எம்.சி. உயிர்வேதியியலுக்கும் டெல்லி எய்ம்ஸ் ரத்தவியலுக்கும் வெளித் தரச் சோதனை நடத்துகின்றன. விடை தெரியாத மாதிரி லேப்புகளுக்கு வரும். இப்போது அது லேப்பைச் சோதிக்கிறது. அதே மாதிரியைப் பயிற்சி மருத்துவரிடமும் கொடுத்து, அவர் விடையை மூன்றாண்டும் பதிவேட்டில் ஏற்றினால், கடைசி நாள் தேர்வைவிட நம்பகமான சான்று கிடைக்கும். பெரிய செலவும் இல்லை.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்வரை, ரிப்போர்ட் வாங்குபவர்கள் அடியிலுள்ள பெயரையும் பட்டத்தையும் பதிவு எண்ணையும் பார்த்து வாங்குங்கள். சோதனை முடிவு நம்ப முடியாததாக இருந்தால், “டாக்டர் ஸ்லைடைப் பார்த்தாரா?” என்று கேளுங்கள்.

(தொடரும்)